முதல்முறை கணவர் ஊருக்கு: கோபியிலிருந்து தக்கலை

கேள்வி, 4-8-2023

ஜூன் மாதம் கல்யாணம் ஆனது. நாங்கள் கோபிசெட்டிபாளையம், அவர் வீடு கன்னியாகுமரி மாவட்டத்தில் தக்கலைப் பக்கம். ஓணத்துக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள், 4 நாள். கல்யாணத்தன்று அவர்கள் வீட்டார் பேசியதில் பாதி எனக்குப் புரியவில்லை. "சும்மா சிரிச்சுட்டே இரு, நாலு நாள் ஓடிரும்" என்கிறாள் என் அக்கா. அது போதுமா? என்ன வாங்கிக்கொண்டு போவது?

5-8-2023

போதாது. நான் காங்கேயம். 2016 மே மாதம் திருவட்டாறு பக்கம் என் கணவர் வீட்டுக்கு முதல்முறை போனேன். இரண்டு நாள் சிரித்துக்கொண்டேதான் இருந்தேன். மூன்றாம் நாள் மாமியார் அவரைத் தனியாகக் கூப்பிட்டு, "பிள்ளைக்கு நம்ம வீடு பிடிக்கல்லியோ, ஒண்ணும் பறையல்லியே" என்று கேட்டிருக்கிறார். ராத்திரி அவர் அதை என்னிடம் சொன்னபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. நான் மரியாதை என்று நினைத்துக்கொண்டிருந்தது அவருக்கு விலகலாகத் தெரிந்திருக்கிறது.

புரியவில்லை என்றால் "அப்படின்னா என்னங்க?" என்று கேட்டுவிடுங்கள். கேட்பதை அங்கே யாரும் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை. சிரித்து மழுப்பினால்தான் கண்டுபிடித்துவிடுகிறார்கள்.

அப்புறம், நாம் அத்தை என்போம், அவர்கள் வீட்டில் மாமி. எப்படிக் கூப்பிடட்டும் என்று முதல் நாளே அவரிடமே கேளுங்கள். நான் கேட்கவில்லை. இரண்டு நாள் எப்படியும் கூப்பிடாமலேயே ஓட்டினேன்.

5-8-2023, இரவு

விட்டுப்போனது. வாசலில் வண்டி நின்றதும் மாமி கேட்ட முதல் கேள்வி, "சக்க தின்னியா மக்ளே?" சக்கை என்றால் நமக்குக் கரும்பு பிழிந்த பிறகு மிஞ்சுவது. அங்கே சக்கை என்றால் பலாப்பழம். அது மே மாதம், வீட்டுக்குப் பின்னால் மரத்தில் அடியிலிருந்தே காய்த்துத் தொங்கியது. உங்களுக்கு ஓணம் சமயத்தில் அது இருக்காது, ஆனால் சொல் காதில் விழும்.

வெள்ளம் என்றால் தண்ணீர். "குளிக்க வெள்ளம் வச்சிருக்கேன்" என்றால் பயப்பட வேண்டாம். சாயா என்றால் டீ. ஓர்மை என்றால் நினைவு. நாம் குச்சிக்கிழங்கு என்பதை மரச்சீனி என்பார்கள், அல்லது வெறும் கிழங்கு என்று மட்டும். அங்கே கிழங்கு என்றால் வேறு கிழங்கு எதுவும் யாருக்கும் நினைவுக்கு வராது.

6-8-2023

"நீ, வா, போ" பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். கல்யாணத்திலேயே உறுத்தியது என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கும் அதுதான் பெரிய முள்ளாக இருந்தது.

நம் பக்கம் அஞ்சு வயதுப் பையனையும் "வாங்க சாமி, உக்காருங்க" என்போம். அங்கே என் கணவர் தன் அம்மாவிடம், "எம்மா, நீ சாயா தா" என்கிறார். கொழுந்தன் அண்ணனை "லேய்" என்கிறான். மாமி என்னை "நீ இஞ்ச வா, இரி" என்றார். யாரோ அதட்டுவது போலவே இருந்தது. என் அம்மாவிடம் போனில், "மரியாதையே தெரியாத வீடும்மா" என்றுகூடச் சொல்லிவிட்டேன். அதை இப்போது நினைத்தாலும் மனசு கூசுகிறது.

அந்த "நீ"யோடு சேர்ந்து வரும் "மக்ளே" என்ற சொல்லை நான் கவனிக்கவே இல்லை. நம் கண்ணு, தங்கம், சாமி எல்லாம் சேர்ந்தது அது. பெரியவர் சின்னவரைச் சொல்கிறார், சின்னவர் பெரியவரையும் சில சமயம் சொல்கிறார், பஸ் கண்டக்டர் கிழவியைச் சொல்கிறார். நாம் மரியாதையை "ங்க"வில் வைத்திருக்கிறோம். அவர்கள் நெருக்கத்தை "நீ"யில் வைத்திருக்கிறார்கள். ஒரு வருடம் கழித்து மாமி ஏதோ வருத்தத்தில் என்னை "நீங்க" என்றார். அன்றைக்குத்தான் எனக்கு நிஜமாகவே வலித்தது.

7-8-2023

என்ன வாங்கிப் போவது என்பதற்கு வருகிறேன்.

ஊத்துக்குளி வெண்ணெய், நாட்டுச்சர்க்கரை இரண்டும் நன்றாக எடுபடும். மஞ்சள் நம்மிடமிருந்து போனால் மாமி முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் டப்பாவில் போடுவார். தேங்காய் எண்ணெய் மட்டும் வேண்டாம். நான் காங்கேயத்திலிருந்து 5 லிட்டர் கொண்டுபோனேன். எங்கள் ஊரில் பார்க்கும் இடமெல்லாம் கொப்பரைக் களம், அதனால் அதுதான் ஊர்ப் பெருமை என்று எடுத்துப்போனேன். மாமி வீட்டில் தங்கள் தோப்புத் தேங்காயை உடைத்துக் காயவைத்து ஆட்டிய எண்ணெய் ஒரு பெரிய தூக்கு நிறைய இருந்தது.

அங்கே சமையல் முழுவதும் அதில்தான். நம் ஊரிலிருந்து தேங்காய் எண்ணெய் எங்கெங்கோ போகிறது, நம் வீட்டு வாணலியில் இருப்பது கடலை எண்ணெய். எனக்கு அது தலையில் தேய்க்கும் வாசனை. முதல் நாள் மீன்கறியில் அந்த வாசனை வந்ததும் தொண்டையை அடைத்தது.

அதை மாற்றியது உள்ளித் தீயல், அதாவது சின்ன வெங்காயக் குழம்பு. மாமி பக்கத்தில் நின்று பார்த்தேன். துருவிய தேங்காயை இரும்புச் சட்டியில் போட்டு, தீயைக் குறைத்து, கையெடுக்காமல் கிளறிக்கொண்டே இருந்தார். வெள்ளை மஞ்சளானது, மஞ்சள் செம்மண் நிறமானது. எடுத்துவிடுவார் என்று நினைத்தேன், எடுக்கவில்லை. காப்பிக்கொட்டை நிறம் வந்து, கருகப்போகிறது என்று நான் கை நீட்டிய அந்த நொடியில் மல்லியையும் வற்றலையும் சேர்த்துப் புரட்டி இறக்கினார். அம்மியில் வைத்து அரைக்க அரைக்க, ஒரு சொட்டுத் தண்ணீர் விடாமலே அது எண்ணெய் கக்கிக் களியாகிவிட்டது. புளித்தண்ணீரில் சின்ன உள்ளி வேகிற வாசனையோடு அது கலந்தபோது, தேங்காய் எண்ணெயைப் பற்றி எனக்கிருந்த குறை அன்றோடு போனது. இப்போது திருப்பூரில் எங்கள் வீட்டில் வாரம் ஒருமுறை தீயல்.

7-8-2023, இரவு

சமையலறையில் உதவலாமா என்று இன்னொருவர் கேட்டிருக்கிறார். என்னை முதல் இரண்டு நாள் உள்ளேயே விடவில்லை. "நீ இரி மக்ளே" என்றே விரட்டினார். மூன்றாம் நாள் வலிந்து நானே அரிசிம்பருப்புச் சாதம் செய்தேன். மாமி ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, "கொள்ளாம்" என்றார். கொள்ளாது, வேண்டாம் என்கிறார் என்று நினைத்துக்கொண்டு தட்டை எடுக்கப்போனேன். அவர் தட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். கொள்ளாம் என்றால் நன்றாக இருக்கிறது. கொள்ளாது என்றால்தான் நன்றாக இல்லை. இந்த ஒரு சொல்லை மட்டுமாவது எழுதி வைத்துக்கொண்டு போங்கள்.

8-8-2023

திருத்தம். மேலே எழுதியதை என் கணவர் படித்துவிட்டு, "குமரி மாவட்டம் முழுசும் இப்பிடித்தான் பேசும்னு எழுதி வச்சிருக்க" என்கிறார். அப்படி நான் எழுதவில்லை, ஆனால் படிப்பவர்களுக்கு அப்படித் தோன்றும் என்பது சரிதான். நாகர்கோவில், தோவாளை, அகஸ்தீஸ்வரம் பக்கம், அதாவது நாஞ்சில் நாட்டுப் பேச்சு திருநெல்வேலிக்குக் கொஞ்சம் நெருக்கம். மேற்கே கல்குளம், விளவங்கோடு போகப் போகத்தான் பறைதலும் கொள்ளாமும் கூடும். உங்களுக்குத் தக்கலை, நடுவில். இரண்டும் கேட்பீர்கள்.

11-8-2023

இன்றைய தேதியைப் பார்த்ததும் இதை எழுதியே ஆக வேண்டும் என்று தோன்றியது.

முதல் பயணத்தில் நான் செய்த பெரிய தப்பு இதுதான். ராத்திரி எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். கொஞ்சம் கலகலப்பு வந்திருந்தது. அந்தத் தைரியத்தில் நான், "நீங்க எல்லாம் மலையாளிகளா, தமிழா?" என்று கேட்டுவிட்டேன். தெரிந்துகொள்ளத்தான் கேட்டேன். ஆனால் எல்லோர் கையும் இலையிலேயே நின்றுவிட்டது.

என் கணவரின் தாத்தாவை வீட்டில் பாட்டா என்பார்கள். அப்போது அவருக்கு 80 வயது. அவர் கோபப்படவில்லை. கையைக் கழுவிவிட்டு வந்து திண்ணையில் உட்கார்ந்து, என்னைப் பக்கத்தில் இருக்கச் சொன்னார். 28½ சக்கரம் ஒரு பிரிட்டிஷ் ரூபாய் என்ற கணக்கில் தொடங்கினார். அந்தப் பகுதி அப்போது சேர்ந்திருந்த திருவிதாங்கூர் சமஸ்தானத்தின் காசு அது, சின்னப் பையனாக அதைக் கையில் வைத்திருந்தவர். பள்ளிக்கூடத்தில் படித்தது மலையாளம். வீட்டில் அம்மா பேசியது தமிழ். கடைசிவரை அவர் கையெழுத்துப் போட்டது மலையாள எழுத்தில்தான்.

1954 ஆகஸ்ட் 11 அன்று மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் போலீஸ் துப்பாக்கிச் சூடு நடந்தது. தமிழ்ப் பகுதிகளைத் தமிழகத்தோடு சேர்க்கச் சொல்லி ஊர்வலம் போனவர்கள்மேல். நேசமணி தலைமையில் நடந்த போராட்டம் அது. பாட்டாவுக்கு 18 வயது. அன்று அவர் மார்த்தாண்டம் சந்தைக்குப் போயிருக்கிறார். சத்தம் கேட்டு ஒரு மரச்சீனிக் காட்டுக்குள் ஓடி, இருட்டும் வரை அங்கேயே கிடந்தாராம். 1956 நவம்பர் 1, தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு நான்கு தாலுகாவும் சேர்ந்து கன்னியாகுமரி மாவட்டமாகத் தமிழகத்துக்கு வந்தது. "அதுக்குப் பொறவு வந்த எல்லாரும் எங்ககிட்ட நீ யாருன்னுதான் கேக்காங்க மக்ளே" என்றார் பாட்டா.

எனக்கு என்ன சொல்வது என்று தெரியவில்லை. மெட்ராசிலும் கோவையிலும் வேலைக்குப் போன இந்த வீட்டுப் பிள்ளைகள் எல்லோரையும் நான் கேட்டதைத்தான் யாராவது கேட்டிருக்கிறார்கள். என் கணவர் கோவையில் முதல் வருடம் வாயே திறக்காமல் இருந்தாராம். அதுவும் எனக்கு அன்றுதான் தெரியும். நான் காதலித்தது "சொல்லுங்க, பாருங்க" என்று அழகாகக் கொங்குத் தமிழ் பேசுகிற ஒருவரை. அந்தப் பேச்சை அவர் எதற்காகப் பழகிக்கொண்டார் என்று நான் ஒருநாளும் யோசித்ததில்லை.

தயவுசெய்து அந்தக் கேள்வியைக் கேட்காதீர்கள். "இது மலையாள வார்த்தை ஆச்சே" என்றும் சொல்லாதீர்கள். பறைதல் என்றால் சொல்லுதல் என்று தமிழ் அகராதியிலேயே இருக்கிறது. ஓர்தல் என்றால் நினைத்தல், ஓர்மை அதிலிருந்து வந்தது. நாம் கைவிட்டதை அவர்கள் வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

12-8-2023

நேற்றையதின் மிச்சம். மறுநாள் காலை பாட்டா கடைக்குப் போய் ஒரு 40 பக்க நோட்டு வாங்கி வந்து என் கையில் கொடுத்தார். கேட்கிற சொல்லை எல்லாம் எழுது என்றார். நான் தமிழில் எழுதுவேன், பக்கத்தில் அதே சொல்லை அவர் மலையாள எழுத்தில் எழுதுவார். கை நடுங்கும், எழுத்து கோட்டுக்கு மேலே ஏறிப்போகும். வாரியல், பைய, வெப்ராளம், அக்கானி. வாரியல் என்றால் விளக்குமாறு, பைய என்றால் மெதுவாக, அக்கானி என்றால் பதநீர். வெப்ராளம் என்றால் மனசு கிடந்து அடித்துக்கொள்வது, அதற்கு நம்மிடம் சரியான சொல் இல்லை.

2019இல் ஒரு விடியற்காலை கொழுந்தன் போன் செய்து, "மயினி, வீட்ல துட்டி ஆயிப்போச்சு" என்றான். துட்டி என்றால் சாவு. மூன்று வருடத்துக்கு முன்னால் என்றால் அர்த்தம் கேட்டிருப்பேன்.

15-8-2023

ரப்பர் பார்க்க ஆசை என்று எழுதியிருக்கிறீர்கள். மாமனாரோடு போங்கள், 5 மணிக்கே எழ வேண்டும். வெயில் ஏறிவிட்டால் பால் சீக்கிரம் நின்றுவிடும். மழை பெய்தால் வெட்டு கிடையாது.

எங்கள் மாமா நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு முன்னால் போவார். ஒவ்வொரு மரத்திலும் முந்தின வெட்டில் காய்ந்து ஒட்டிய பாலை நாடா போல உரித்துப் பைக்குள் போடுவார். அதற்கு ஒட்டுப்பால் என்று பெயர், அதற்கும் விலை உண்டு. அப்புறம் கத்தியை வைத்து, மேல் இடமிருந்து கீழ் வலமாக, பட்டையைச் சீவுவார். தாளின் கனம்தான். ஆழம் போனால் மரம் காயப்படும், மேலாகப் போனால் பால் வராது. சீவிய கோட்டில் முதலில் ஒன்றும் தெரியாது. மெதுவாக வெள்ளைப் புள்ளிகள் வியர்வை போலத் துளிர்த்து, ஒன்றோடொன்று சேர்ந்து, கோட்டு வழியே இறங்கி, தகர மூக்கில் வந்து நின்று, சிரட்டையில் முதல் சொட்டு "டக்" என்று விழும். அந்த இருட்டில், அந்த அமைதியில், முன்னால் வெட்டிய மரங்களிலிருந்தும் அந்தச் சத்தம் வந்துகொண்டே இருக்கும்.

மாமா பேசாத மனிதர். அன்று என் கையில் கத்தியைக் கொடுத்து ஒரு மரத்தில் வெட்ட விட்டார். நான் வெட்டியது ஆழமாகிவிட்டது. ஒன்றும் சொல்லாமல் அந்த இடத்தைக் கட்டைவிரலால் தடவிவிட்டு அடுத்த மரத்துக்குப் போனார். எனக்கு எங்கள் அப்பா ஞாபகம். எங்கள் கொறங்காட்டில், அதாவது மேய்ச்சல் நிலத்தில், கிளுவை வேலியில் மாடு இடித்து உடைத்த இடத்தை அப்பா அப்படித்தான் தடவிப் பார்ப்பார்.

18-8-2023

எங்கே சுற்றிப் பார்க்கலாம் என்பதற்குச் சுருக்கமாக. பத்மநாபபுரம் அரண்மனை உங்களுக்குப் பக்கத்திலேயே. தமிழ்நாட்டு மண்ணில் இருந்தாலும் பராமரிப்பது கேரள அரசு. திங்கள்கிழமை விடுமுறை, நீங்கள் இருக்கும் நாட்களில் 28ஆம் தேதி திங்கள், பார்த்துக்கொள்ளுங்கள். திருவட்டாறு ஆதிகேசவப் பெருமாள் படுத்த கோலம், மூன்று வாசல் வழியாகத்தான் முழுசாகப் பார்க்க முடியும்.

மாத்தூர் தொட்டிப்பாலத்துக்கு மட்டும் கட்டாயம் போங்கள். காமராசர் காலத்தில் திட்டமிட்டு 1966இல் முடித்தது. பறளியாற்றுக்கு மேலே 115 அடி உயரத்தில், கிட்டத்தட்ட 1 கிலோமீட்டர் நீளத்துக்கு, தொட்டி வழியாகத் தண்ணீர் ஒரு மலையிலிருந்து இன்னொரு மலைக்குப் போகிறது. நீங்கள் வாய்க்கால் பாசன ஊர்க்காரர், அவ்வளவு தோன்றாது. நான் கிணற்றில் கயிறு நீளம் கூடிக்கொண்டே போனதைப் பார்த்து வளர்ந்தவள். தண்ணீரை வானத்தில் கொண்டுபோவதைப் பார்த்தபோது கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் அங்கேயே நின்றுவிட்டேன்.

19-8-2023

ஓணச் சாப்பாடு பற்றி முக்கியமான ஒன்று. பாயசம் வந்ததும் சாப்பாடு முடிந்தது என்று இலையை மூடிவிடாதீர்கள்! அங்கே பாயசத்துக்கு அப்புறம்தான் ரசமும் மோரும் வரும். ஒரு கல்யாணப் பந்தியில் நான் மூடிவிட்டேன். பக்கத்து இலைச் சித்தி மெதுவாகக் கை நீட்டித் திறந்துவிட்டார். பாயசத்தை இலையிலேயே ஊற்றி, பப்படத்தை நொறுக்கி, மட்டிப்பழத்தைப் பிசைந்து சாப்பிட வேண்டும். மட்டி ஒரு வகை வாழைப்பழம், விரல் அளவுதான் இருக்கும், வாசனை அறை முழுக்க நிற்கும். இப்போது அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்துவிட்டது.

22-8-2023

"அவர் எனக்குக் கூட இருந்து மொழிபெயர்க்க வேண்டாமா" என்று கேட்டிருந்தீர்கள். முதலில் ஆமாம் என்று பதில் எழுதி, பிறகு அழித்துவிட்டேன். ரெண்டு நாளாக இதையே யோசிக்கிறேன்.

2016இல் எனக்கு அதில் பெரிய கோபம். ஊரில் இறங்கியதுமே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கூட்டாளிகளோடு குளத்துக்குப் போய்விட்டார். என்னை விட்டுவிட்டாரே என்றிருந்தது. அவர் பேச்சு மாறியது, சிரிப்பு மாறியது, சோறு அள்ளும் கைகூட மாறியது. யாரைக் கல்யாணம் செய்தோம் என்று பயமாகவே இருந்தது.

இப்போது பார்த்தால், அவர் கூடவே இருந்திருந்தால் நான் எல்லாவற்றையும் அவரிடமே கேட்டிருப்பேன். மாமியிடம் கேட்டிருக்க மாட்டேன். தீயல் பக்கத்தில் நின்றிருக்க மாட்டேன். ஆனாலும் முதல் நாளாவது கூட இருக்கலாம். அதைப் போவதற்கு முன்பே வாய்விட்டுக் கேட்டுவிடுங்கள். நான் கேட்காமல் மனசுக்குள் வைத்துக் குமைந்தேன், அது அவருக்குத் தெரியவே இல்லை.

6ஆம் தேதியும் 7ஆம் தேதியும் எழுதியதிலும் ஒரு திருத்தம். மாமி சமையலறைக்குள் விடாதது பற்றி 7ஆம் தேதி குறையாகச் சொல்லியிருந்தேன், 6ஆம் தேதி "நீ" பற்றி. இரண்டையும் மாமியிடம் நேற்று போனில் கேட்டேன். "உன் அம்மைக்க வீட்ல நீ எவ்வளவு வேலை செஞ்சியோ, ரெண்டு நாளு இரியட்டும்னு நெனச்சேன்" என்றார். "நீ"க்கு அவரிடம் பதில் இல்லை. "பின்னே என்னான்னு விளிக்க?" என்று திருப்பிக் கேட்டார்.

26-8-2023

இன்று ராத்திரி ரயில், ஞாபகம் இருக்கிறது. வள்ளியூர் தாண்டியதும் எழுந்துகொள்ளுங்கள். ஆரல்வாய்மொழி கணவாயில் காற்று ஜன்னலில் அறையும், இருட்டோடு இருட்டாகக் காற்றாலைகள் நிற்கும். அதற்கப்புறம் பச்சை.

வெண்ணெயைப் பாத்திரத்தோடு ஈரத்துணியில் சுற்றுங்கள். குடை எடுத்தீர்களா? எடுக்காவிட்டாலும் பரவாயில்லை, மாமி தருவார். எங்கள் மாமி 2016இல் தந்த கருப்புக் குடை இன்னும் திருப்பூரில்தான் இருக்கிறது. ஒவ்வொரு முறையும் கொண்டுபோகிறேன், கிளம்பும்போது மழை பெய்கிறது, திரும்ப என்னோடு வந்துவிடுகிறது.

வந்ததும் எழுதுங்கள். புதுச் சொல் ஏதாவது கேட்டால் அதையும். நோட்டில் இன்னும் 6 பக்கம் இருக்கிறது.